நாரைக்குப் பின்னால்

அறிவியலின் வரலாற்றை யார் எழுதினாலும் பாகூரை விட்டுவிட்டு எழுத முடியாது. உலகம் இதை ஒப்புக்கொண்டதாகத் தெரியவில்லை. தங்கவேல் டீக்கடையில் சிவப்பிரகாசம் ஒருவர் ஒப்புக்கொண்டிருந்தார்.

சுனாமிக்கு முந்தைய வருடம், முழங்கை நீள லென்ஸ் வைத்த கேமராவோடு ஏரிக்கு வந்த ஒருவன் அவரைக் கரையில் நிற்க வைத்துப் படம் எடுத்தான். வடக்கே அச்சாகும் ஆங்கில அறிவியல் பத்திரிகையில் வரும் என்றான். வந்ததாகவும் கேள்வி. பத்திரிகையைத்தான் யாரும் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு ஏரியில் தண்ணீர் ஏறினாலும் இறங்கினாலும் சிவப்பிரகாசம் கருத்துச் சொல்லாமல் விட்டதில்லை.

"சயின்ஸ் புக்குல வந்தவன் சொல்றேன், இந்த வருசம் ஏரி ரொம்பிக் கலங்கல் வழியும்."

"அந்த புக்கு எங்கபா?" என்பார் பக்கத்து நிலத்துக்காரர் பச்சையப்பன். "எலி தின்னுட்டுதா?"

கடை சிரிக்கும். சிவப்பிரகாசம் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்.

வீட்டில் வேறு சிக்கல். மகன் மணிபாரதி வில்லியனூர்ப் பெண் அர்ச்சனாவை யாரையும் கேட்காமல் ரிஜிஸ்டர் கல்யாணம் செய்து கூட்டிவந்த நாளிலிருந்து, அவர் மருமகளிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆனால் அவள் வைக்கும் குழம்பு பிடித்திருந்தது. அதனால் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"இன்னும் ரெண்டு கரண்டி ஊத்தச் சொல்லு."

மனைவி விஜயகுமாரி ஊரிலேயே இல்லாத நாட்களிலும் அப்படித்தான் சொன்னார். அர்ச்சனா ஊற்றினாள். சுவரிடம் சொல்வதைத் தன்னிடம் ஒருநாள் சொல்ல மாட்டாரா என்பதுதான் அவளுக்கு இருந்த ஒரே ஏக்கம்.

அந்தப் பத்திரிகையின் பெயர் மணிபாரதிக்கு நினைவிருந்தது. அர்ச்சனா போனில் தேட ஆரம்பித்தாள். பழைய புத்தகம் விற்கும் ஒருவர் கடைசியில் அகப்பட்டார். 'பழைய இதழ் விற்பனைக்கு. நீர்ப்பறவைச் சிறப்பிதழ். அட்டையில் டீக்கறை. குறுக்கெழுத்து முக்கால்வாசி நிரப்பப்பட்டது, அதுவும் தப்பாக. மற்றபடி நல்ல நிலை' என்று விளம்பரம் செய்திருந்தார். பொருளைப் பற்றி இவ்வளவு உண்மை பேசும் வியாபாரியை அவள் அதுவரை கண்டதில்லை. உடனே வாங்கிவிட்டாள்.

பார்சல் வந்தது. நடுப்பக்கத்தில் பெரிதாக ஒரு நாரை. அதற்குப் பின்னால் கோரைப்புல், ஒரு சாய்ந்த பனை. பனையடியில், இடுப்புக்குக் கீழே கோரை மறைக்க, தலையில் துண்டு கட்டிய ஓர் ஆள் குனிந்தாற்போல மங்கலாகத் தெரிந்தார்.

"அது நான்தான்," என்றார் சிவப்பிரகாசம் சுவரிடம். "குனிஞ்சி தண்ணி அளவு பாக்கறப்ப எடுத்திருக்கான். கீழ இன்னா எழுதியிருக்குன்னு கேளு."

'பாகூர் ஏரியில் மஞ்சள்மூக்கு நாரை' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான். அர்ச்சனா அதை ஒருமுறை படித்தாள். மாமனாரின் முகத்தையும் பார்த்தாள்.

"பாகூர் ஏரியில நாரையும், ஏரியக் காத்து வர்ற விவசாயியும்னு போட்டிருக்கு மாமா."

சிவப்பிரகாசம் சுவரைவிட்டுத் திரும்பினார். தொண்டையைச் செருமினார்.

"அர்ச்சனா, நீ சாப்ட்டியாம்மா?"

விஜயகுமாரி கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். அர்ச்சனா அன்றே விற்றவருக்கு நன்றி சொல்லிச் செய்தி அனுப்பினாள். அதே பத்திரிகை இன்னும் இரண்டு மூட்டை இருக்கிறது, வேண்டுமா என்று அவர் கேட்டார்.

நன்றியை நெஞ்சுக்குள் வைத்திருக்கும் வழக்கம் எங்கள் பக்கம் இல்லை. மூன்றாம் நாள் பாகூர் பஸ் நிறுத்தத்தில் எட்டடி உயரத்துக்கு பிளெக்ஸ் எழுந்தது. நாரை ஓரமாக ஒதுக்கப்பட்டு, பனையும் ஆளும் பெரிதாக்கப்பட்டிருந்தன. 'உலக அறிவியல் ஏட்டில் இடம்பெற்ற ஏரிக் காவலர் சிவப்பிரகாசம். ஏட்டை மீட்டுத் தந்த மருமகள் அர்ச்சனாவுக்கு நெஞ்சார்ந்த நன்றி.' அந்தப் பெயரை வீட்டில் சொல்லவே கூசியவர், இப்போது கடலூர் போகும் பஸ்ஸெல்லாம் படிக்கும்படி எழுதிவைத்தார். அர்ச்சனா அதைப் பார்த்துவிட்டு வந்து, முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டே குழம்பு வைத்தாள்.

பச்சையப்பன் சிரிப்பதற்கென்றே கிளம்பி வந்தார். கூடவே சிரிக்க நான்கு பேரையும் அழைத்து வந்தார். பிளெக்ஸை அண்ணாந்து பார்த்தார். பனையைப் பார்த்தார். அதனடியில் இருந்த ஆளைப் பார்த்தார். வந்த சிரிப்பு நின்றுவிட்டது.

"இன்னா பச்சையப்பா, இப்பவாவது நம்புறியா?" என்றார் சிவப்பிரகாசம்.

"நம்புறேன்பா. நீதான்."

"மூஞ்சே தெரியலியேபா," என்றார் டீக்கடைத் தங்கவேல்.

"மூஞ்சி இன்னாத்துக்குடா? குனிஞ்சிருக்கிற தோரணையப் பாத்தா தெரியல? சிவப்பிரகாசந்தான். எங்க வேணா வந்து சத்தியம் பண்றேன்."

பச்சையப்பன் சொன்னதோடு நிற்கவில்லை. எதிர்க் கடையில் ஒரு பொன்னாடை வாங்கிவந்து சிவப்பிரகாசத்தின் தோளில் போட்டு, இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"நீ செஞ்ச இந்த உதவிய மறக்க மாட்டேன்பா."

ஊருக்குச் செய்த உதவியைத்தான் சொல்கிறார் என்று நினைத்து சிவப்பிரகாசத்துக்குக் கண் கலங்கியது. வீட்டுக்கு வந்ததும் மனைவியைக் கூப்பிடாமல் மருமகளைக் கூப்பிட்டு, பொன்னாடையை அவள் கையில் கொடுத்தார். "இது உனக்குச் சேர வேண்டியதும்மா," என்றார்.

படத்தில் இருந்தது பச்சையப்பன். காலையில் கரைக்குப் போகிறவர்களுக்கு அப்போது ஆளுக்கு ஓர் இடம் உண்டு. அந்தப் பனையடி அவருடையது. அவர் வீட்டில் அந்த வருடம் கக்கூஸ் கிடையாது.