ஐந்தாவது தோட்டா

முதல் மூன்று வாரத்தில் நான் சுட்ட பதினெட்டுத் தோட்டாவும் மண்ணில்தான் பாய்ந்தன. இதை நான் மறைப்பதில்லை. மறைத்தாலும் வேணுகோபால் சொல்லிவிடுவான்.

அது அறுபத்தெட்டாம் வருஷம். எங்கேயோ ஓர் ஊரில் ஒரு கிடங்கை உடைத்துவிட்டார்கள் என்று பத்திரிகையில் வந்தது. அன்றிலிருந்து எங்கள் நெசவாளர் சங்கத்துச் செயலாளர் கலியாணசுந்தரத்துக்குத் தூக்கம் போய்விட்டது. பட்டும் ஜரிகையும் வைத்திருக்கும் அறைக்குத் துப்பாக்கியோடு காவல் போட வேண்டும், பகலுக்கு ஒருவர், இரவுக்கு ஒருவர் என்று தீர்மானம் போட்டார். வெளியாள் வேண்டாம், சங்கத்து நெசவாளிகளுக்கே பயிற்சி கொடுத்துப் பரீட்சை வைத்து எடுத்துக்கொள்ளலாம் என்றார். ஐந்து பேர் பெயர் கொடுத்தோம். கடைசிவரை தாக்குப்பிடித்தது நானும் வேணுகோபாலும்தான்.

எனக்கு அந்த வேலை கட்டாயம் வேண்டும். இரண்டு காலிலும் நரம்பு முடிச்சு முடிச்சாகச் சுருண்டு கிடந்தது. இன்னும் ஒரு வருஷம் தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டால் அப்புறம் தொங்கவிடக் கால் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதனால் என் மனைவி இந்திராணி என் இடத்தில் குழியில் இறங்கி நெய்துகொண்டிருந்தாள். சமையல், தண்ணீர், இழை சுற்றுவது எல்லாம் அதற்கு மேல். ராத்திரி படுக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டுதான் படுப்பாள். எனக்குக் காவல் வேலை கிடைத்தால் ஆள் போட்டு நெய்யலாம், அவள் மேலே ஏறிவிடலாம் என்பது எங்கள் கணக்கு.

முதலில் பாடம் எடுத்தவர் தேவசகாயம். பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். மீசை மட்டுமே தனியாக ஒரு சம்பளம் வாங்கலாம் போலிருக்கும். அவர் பாடத்தில் பாதி நேரம் பர்மா யுத்தம் நடக்கும், மீதி நேரம் எங்களைத் திட்டுவார். நான் சுட்டது மண்ணில் பாய்ந்தால், கண்ணை மூடிக்கொண்டாயா, மூச்சை விட்டாயா, சோறு தின்றாயா என்று கேட்பார். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிப் பார்த்தேன். அடுத்த தோட்டாவும் மண்ணுக்கே போயிற்று. ஆனாலும் எங்களுக்கு அவரைப் பிடித்திருந்தது. வாத்தியார் என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். மூன்று வாரம் கழித்து அவருக்கு மெட்ராஸில் ஒரு மில்லில் வேலை கிடைத்துப் போய்விட்டார்.

அடுத்து வந்தவர் திருப்பருத்திக்குன்றத்துப் பார்சுவநாதன். ஜைனர். நயினார் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். பட்டாளத்தில் ஆயுதக் கிடங்கில் இருந்து, புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் துப்பாக்கி பழக்கிவிட்டு வந்தவராம். பொழுது சாய்ந்தால் வாயில் ஒரு பருக்கை வைக்காதவர், தண்ணீரை வடிகட்டிக் குடிப்பவர், ஈ எறும்பைக்கூடத் தொந்தரவு செய்யாதவர் எங்களுக்குச் சுடச் சொல்லிக்கொடுக்கப் போகிறார் என்றதும் வேணுகோபாலுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எனக்கும்தான். செயலாளருக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை என்று நினைத்தோம்.

அவர் ஊருக்குப் போகிற வழியில் சூளைக்கு மண் எடுத்த பெரிய பள்ளம் ஒன்று உண்டு. அதன் கரை சுவர் மாதிரி நிற்கும். அதன் முன்னால் சட்டத்தில் சாக்கைக் கட்டி, சோற்றுத் தட்டு அகலத்துக்குச் சுண்ணாம்பால் வட்டம் போட்டிருந்தோம். நயினார் முதல் நாள் துப்பாக்கியையே தொடவிடவில்லை. கரைமேல் ஏறி அந்தப் பக்கம் ஆடு மாடு மேய்கிறதா, ஆள் நடமாட்டம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தார். மறுபடியும் போய்ப் பார்த்தார். அதிலேயே அரை மணி நேரம் போனது. பிறகு துப்பாக்கியை நடுவில் மடக்கி, குழல் காலி என்று எங்களுக்குக் காட்டினார். நிமிர்த்திக் கீழே வைத்தார். எடுத்தார். மறுபடி மடக்கிக் காலி என்று காட்டினார். இப்போதுதானே பார்த்தோம் என்றேன். இப்போது கீழே வைத்தேனே என்றார். அந்த வாரம் முழுக்க இதுதான் பாடம். தேவசகாயமாக இருந்தால் இதற்குள் ரங்கூனைப் பிடித்திருப்பார்.

நயினாருக்குக் கோபம் வராது. அதுதான் எனக்குக் கோபத்தை வரவழைத்தது. நாலே நாலு விஷயத்தை ஒரே குரலில் சொல்வார். எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினைக்க வேண்டும். சுடும்வரை விரல் விசையில் இருக்கக் கூடாது. குழல் கரையைப் பார்த்தே இருக்க வேண்டும். விசையை இழுத்தும் வெடிக்கவில்லை என்றால் அசையக் கூடாது. குழல் கரையைப் பார்த்தபடியே இருக்க, விரலை எடுத்துவிட்டு, “வெடிக்கல” என்று சொல்லி, முப்பது எண்ணும்வரை நிற்க வேண்டும். சில சமயம் மருந்து தாமதமாகப் பற்றிக்கொள்ளுமாம். இதை நாங்கள் தினமும் ஒப்பிக்க வேண்டும். நாற்பத்தோரு வயதில் வாய்ப்பாடு ஒப்பிப்பது போல ஒப்பித்தேன்.

இரண்டாவது வாரம் சுடவிட்டார். தோட்டாவை அவரே போட்டு, நிமிர்த்தி, என் கையில் கொடுத்தார். நான் விசையை இழுத்தேன். டக்கென்று ஒரு சத்தம், அவ்வளவுதான், வெடிக்கவில்லை. ஆனால் என் தோள் குலுங்கியது, கை வெடுக்கென்று இழுத்தது, வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. வெடிக்காத துப்பாக்கிக்கு நான் ஆடிய ஆட்டத்தைப் பார்த்து வேணுகோபால் சிரிப்புத் தாங்காமல் உட்கார்ந்துவிட்டான். உள்ளே மருந்தில்லாத வெற்றுத் தோட்டாவை எனக்குத் தெரியாமல் போட்டிருக்கிறார். வெடித்தால் அந்த ஆட்டம் அதிர்ச்சியில் மறைந்துபோகும், வெடிக்காவிட்டால்தான் தெரியும் என்று விளக்கினார். எனக்கு மானம் போனது.

நயினார் சிரிக்கவில்லை. குனிந்து என் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை ஏன் மிதித்தேன் என்று கேட்டார். நான் மிதிக்கவே இல்லை என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியாது. அடுத்து வேணுகோபாலிடம் வெற்றுத் தோட்டா போட்டுக் கொடுத்தார். அவனும் மிதித்தான்.

மறுநாள் காலையில் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தறி பார்க்க வேண்டும் என்றார். இந்திராணி நெய்வதை ஒரு மணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். கை கயிற்றைச் சுண்டி இழுக்கிறது, இழை கொண்டுபோகும் நாடா பாய்கிறது, அதே நொடியில் கால் மிதிக்கிறது. இருபத்தைந்து வருஷமாக என் கை எதை இழுத்தாலும் கால் மிதித்தே தீரும் என்று ஆகிவிட்டது. அப்படி மிதிக்கும்போது உடம்பு இறங்கும், குழலும் இறங்கும். பதினெட்டுத் தோட்டா மண்ணுக்குப் போன கதை இதுதான்.

அப்போது ஓர் இழை அறுந்தது. இந்திராணி காலை நிறுத்தினாள், மூச்சைக்கூட நிறுத்தினாள். இரண்டு நுனியையும் சேர்த்து விரல் நுனியால் மெல்ல முறுக்கினாள். நயினார் என் பக்கம் திரும்பினார்.

“இதப் பண்ணும்போது உங்களுக்குக் கால் ஆடுமா?”

“எப்பிடி ஆடும்? இழை போயிடுமே.”

“அப்போ இனிமே கயித்த இழுக்காதீங்க. இழைய முறுக்குங்க.”

அன்று சாயங்காலம் விசையை இழுக்காமல், அறுந்த இழையை முறுக்குவது போல விரல் நுனியால் அழுத்தினேன். கால் அசையவில்லை. சாக்கில் சுண்ணாம்பு வட்டத்துக்குள் ஓர் ஓட்டை விழுந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மருந்துப் புகை என்று சொல்லிச் சமாளித்தேன்.

பரீட்சை ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆளுக்கு ஐந்து தோட்டா, அதில் குறைந்தது மூன்று, வட்டத்துக்குள் விழ வேண்டும். எங்களுக்குப் பின்னால் இருபது அடி தள்ளி மேஜை போட்டுச் செயலாளரும் சங்கத்து ஆட்களும் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு மோர் கொண்டுவந்த இந்திராணி, நான் சுடுவதைப் பார்க்க வேண்டும் என்று மேஜை ஓரமாகவே நின்றுவிட்டாள்.

சீட்டுப் போட்டதில் முதல் ஆள் நான். நயினார் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டுக் கொடுத்தார். ஒன்று உள்ளே. இரண்டு உள்ளே. மூன்றாவதும் உள்ளே. வேலை என் கைக்கு வந்துவிட்டது. நான்காவதும் நடுவில் போய் உட்கார்ந்தபோது பின்னால் யாரோ கை தட்டினார்கள். ஐந்தாவதை எடுத்து நிதானமாக அழுத்தினேன். டக்கென்றது. வெடிக்கவில்லை.

தறியில் ஏதாவது கோளாறு என்றால் நெசவாளி என்ன செய்வான்? கையில் இருப்பதை அப்படியே பிடித்துக்கொண்டு, பின்னால் இருப்பவரிடம் திரும்பிக் காட்டுவான். நானும் திரும்பினேன். துப்பாக்கியும் என்னோடு திரும்பியது.

“ஐயா, இது வெடிக்கலைங்க” என்றேன்.

செயலாளர் மேஜைக்குக் கீழே போய்விட்டார். மற்றவர்கள் நாற்காலியோடு சாய்ந்தார்கள். நயினார் இரண்டே எட்டில் வந்து குழலைப் பிடித்துத் தரைப் பக்கம் அழுத்தி, துப்பாக்கியை என் கையிலிருந்து வாங்கி மடக்கினார். தோட்டாவை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பிறகு நோட்டில் ஏதோ எழுதினார். எட்டிப் பார்த்தேன். என் பெயருக்கு நேரே ‘தேறவில்லை’ என்று எழுதியிருந்தது.

நாலு சுட்டு நாலும் வட்டத்துக்குள். செயலாளரே மேஜைக்கடியிலிருந்து வெளியே வந்து, போகட்டும், ஒன்றும் ஆகவில்லையே, நல்ல கை, எழுதிக் கொடுத்துவிடுங்கள் என்றார். சுடத் தெரிகிறது, துப்பாக்கி வைத்திருக்கத் தெரியவில்லை என்று நயினார் அதே குரலில் சொன்னார். மூன்று மாதம் கழித்து மறுபடி பரீட்சை வைப்பாராம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அடுத்து வேணுகோபால் சுட்டான். அவனுக்கு மூன்றாவது வெடிக்கவில்லை. கடன்காரன், நட்டுவைத்த கல் மாதிரி கரையைப் பார்த்தே நின்றான். “வெடிக்கல” என்று சொல்லிவிட்டு வாயை முணுமுணுத்து எண்ணினான். மிச்சம் நாலில் மூன்று வட்டத்துக்குள். அவனுக்குப் பகல் காவல் கிடைத்தது.

இரண்டு மாதமாக எங்கள் தோட்டாப் பெட்டியில் ஒன்றுகூடப் பழுதானதில்லை. ஒரே காலையில் இரண்டு பேருக்கும் எப்படிப் பழுதாகும்? யோசிக்க யோசிக்க எனக்குப் புரிந்துவிட்டது. சாயங்காலம் சைக்கிளை மிதித்துக்கொண்டு திருப்பருத்திக்குன்றம் போனேன். நயினார் பொழுது சாய்வதற்குள் சாப்பிட உட்கார்ந்துகொண்டிருந்தார்.

“காலையில போட்டது வெத்துத் தோட்டாதானே நயினாரே?”

“ஆமா. நான்தான் போட்டேன். ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு போடுவேன்னு செயலாளருக்கும் தெரியும். எத்தனாவதுன்னு தெரியாது.”

மறுக்கக்கூட இல்லை. அப்படியானால் யாருக்கும் எந்த ஆபத்தும் இருந்ததில்லை, என்னைத் திட்டம் போட்டுத் தோற்கடித்திருக்கிறார், சங்கத்துக்கு மனு எழுதிப்போடப் போகிறேன் என்று சத்தம் போட்டேன். தாராளமாக எழுதுங்கள் என்றார். அவர் மனைவி மதனவதி அம்மா எனக்கும் இலை போட்டார்கள். கோபத்தில் வேண்டாம் என்றுவிட்டேன். வழியெல்லாம் பசித்தது.

வீட்டில் இந்திராணி விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து அவள் என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. வேலை போன வருத்தம் என்று நினைத்திருந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். வெத்துத் தோட்டா, ஒன்றுமே ஆகியிருக்காது, வேண்டுமென்றே கவிழ்த்திருக்கிறார், நாளைக்கே மனு எழுதுகிறேன் என்றேன். அவளும் என்னோடு சேர்ந்து நயினாரைத் திட்டுவாள் என்று காத்திருந்தேன். அந்த வேலைக்காக என்னைவிட அதிகமாக ஏங்கியவள் அவள்தான்.

“வெத்துன்னு உங்களுக்கு எப்போ தெரிஞ்சுது?” என்று கேட்டாள்.

“இப்பதான். நயினாரே சொன்னாரு.”

“காலையில என் பக்கம் திருப்புனீங்களே, அப்போ?”

நான் செயலாளர் பக்கம் திரும்பியதாகத்தான் நினைத்திருந்தேன். மேஜை ஓரத்தில் அவள் நின்ற இடத்தை இப்போது யோசித்துப் பார்த்தேன்.

“அப்போ தெரியாது.”

“எனக்கும் தெரியாதுங்க. அந்தக் குழலுக்குள்ள இருட்டா இருந்துது. அதத்தான் பாத்துக்கினு நின்னேன்.”

அழவில்லை, கோபப்படவும் இல்லை. விளக்கை ஏற்றி மாடத்தில் வைத்தாள். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று தோன்றியது. பதினெட்டு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நயினாரிடம் நாளைக்கே போகிறேன், முதல் பாடத்திலிருந்து ஆரம்பிக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

“போங்க” என்றாள்.

பிறகு இடுப்பில் ஒரு கையை வைத்துக்கொண்டு மெல்லத் தறிக்குழியில் இறங்கினாள். இன்னும் மூன்று மாதம் அவள்தான் அதில் இறங்க வேண்டும்.