விழ வேண்டிய மதில்

ஹமீட் மேசனுக்கு இடுப்புப் பிடித்துப் பதினொரு நாள். குனிந்தால் நிமிர ஏலாது, நிமிர்ந்தால் குனிய ஏலாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோணலாக நடந்து திரிந்தார். அந்தக் கோலத்தில் வாசலுக்கு வந்து பார்த்தால் றுமானா டீச்சர் நிற்கிறார். சாய்ந்தமருதில் வரலாறு படிப்பிக்கிறவர்; அக்கரைப்பற்றிலிருந்து மாற்றலாகி வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. பள்ளிக்கூடத்தில் கண்காட்சியாம். உலகத்தில் பேர்போன கோட்டை முற்றுகைகள் எல்லாம் படமும் மாதிரியுமாக வைக்கிறார்களாம். கடைசி நாள் நாடகம்.

“சுல்தான் கொன்ஸ்தாந்திநோபிளப் பிடிச்ச கதை, ஹமீட் காக்கா. அதுக்கு ஒரு மதில் வேணும். இருவதடி நீளம், நாலடி உயரம். நடுவுல சின்னதா ஒரு பலகக் கதவு. கல்லச் சும்மா அடுக்கினாப் போதும்.”

“அடுக்கினா உழுந்திருமே டீச்சர்.”

“ஓம், உழத்தான் வேணும். மூணாவது பீரங்கி வெடிக்கக்குள்ள கயிறு கட்டி இழுப்பம்.”

“ஊருக்குள்ள இத்தின மேசன்மார் இரிக்கக்குள்ள என்னத் தேடி வந்திரிக்கீங்க?”

“உழுற மாதிரி மதில் கட்ட ஆரு இரிக்கி எண்டு கேட்டன். எல்லாரும் ஒங்கட ஊட்டத்தான் காட்டினாங்க.”

டீச்சரின் முகத்தில் பகிடி இல்லை. அதுதான் ஹமீட்டுக்கு இடுப்பை விட வலித்தது.

போன மாரியில் காரைதீவில் தம்பிமுத்து என்பவரின் வளவுக்கு முப்பத்தாறு அடி மதில் கட்டினார் ஹமீட். அடுத்த வேலை காத்திருந்த அவசரத்தில் அத்திவாரத்தை ஒரு சாண் கிண்டி மணலிலேயே எழுப்பிவிட்டார். ஒரே ஒரு மழை. விடிந்து பார்த்தால் முப்பத்தாறு அடியும் பாய் விரித்த மாதிரிப் படுத்துக் கிடக்கிறது. திருப்பிக் கட்டித் தருகிறேன் என்று தம்பிமுத்துவிடம் சொல்லிவிட்டு வந்தவர், அதன்பிறகு காரைதீவைக் கடக்கும்போதெல்லாம் பஸ்ஸில் மறுபக்க ஜன்னலைப் பார்த்துக்கொண்டு போனார். ஊர் சும்மா இருக்குமா? ‘உழுந்தமதில்’ என்று பேர் வைத்தது. கலியாண அழைப்புக் கார்டில்கூட ‘உழுந்தமதில் ஹமீட்’ என்று எழுதி வந்தது. மதில் வேலை நின்றே போனது. கக்கூஸ் குழி, கிணற்றுக் கட்டு என்று கிடைத்ததைப் பூசித் திரிந்தார்.

வேலையை ஒத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்து வொலிபோல் திடலுக்குக் குறுக்கே மூன்று வரி கல்லை அடுக்கியபோது, கடலில் மீன்பிடிக்கிற கரைவலைக்காரர்கள் ஒரு தோணியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். சுல்தான் கப்பல்களைத் தரையால் இழுத்துக் கொண்டுபோன காட்சிக்காக.

“தோணியக் கரையால இழுத்ததையா சரித்திரத்துல எழுதி வச்சிரிக்காங்க? நாங்க நாளும் பொழுதும் இழுக்கிறமே,” என்றார் ஒருவர். பிறகு ஹமீட்டைக் கண்டுவிட்டார். “என்னகா உழுந்தமதில், இந்தமுற சொல்லிப்போட்டே உழுத்தப் போறயா?”

ஹமீட் அடுக்கிய கல்லை எல்லாம் கழற்றினார். ஒன்றரை அடி அத்திவாரம் வெட்டினார். வீட்டில் மிச்சமிருந்த இரண்டு பை சீமெந்தைக் கொண்டுவந்து குழைத்தார். வரிக்கு வரி தூக்குக்குண்டு பிடித்தார். கட்டி முடித்து மூன்று நாள் காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினார்.

“ஏன் காக்கா தண்ணி ஊத்துறீங்க?”

“தூசி எழும்பும் டீச்சர்.”

நாடகத்தன்று மைதானம் நிறைந்த சனம். பீரங்கிக்குப் பதிலாக, கறுப்பு மை பூசிய தண்ணீர்க் குழாய். முதலாவது வெடி. இரண்டாவது வெடி. மூன்றாவது வெடியோடு ஒலிபெருக்கி முழங்கியது: “ஐம்பத்து மூன்று நாள் முற்றுகைக்குப் பின் மதில் சரிந்தது.”

மதில் சரியவில்லை.

கயிற்றை இழுத்த பொடியன்மார்தான் மல்லாக்க விழுந்தார்கள். ஒலிபெருக்கி இன்னொரு முறை மதிலைச் சரித்துப் பார்த்தது. சனம் சிரிக்கத் தொடங்கியது. கரைவலைக்காரர்களுக்கு ரோசம் வந்துவிட்டது. சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு பதினாறு பேர் கயிற்றில் பிடித்தார்கள். கயிறு அறுந்தது. பிரதம விருந்தினர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“டீச்சர், ஐம்பத்து மூணு நாளும் நாங்க இங்கயேதான் இரிக்கோணுமா?”

அந்த நேரம் பார்த்து மைதானத்துக்குள் சாப்பாட்டுப் பார்சல் வந்தது. கோட்டைக்குள் ரோமானியச் சிப்பாய் வேடத்தில் நின்ற பொடியன் அதைக் கண்டான். பலகைக் கதவைத் திறந்தான். “வாங்க, வந்து பிடிச்சிட்டுப் போங்க. எங்களுக்குப் பசிக்கிது,” என்றான். சுல்தானின் படை குனிந்து குனிந்து வரிசையாக உள்ளே போய் நகரத்தைப் பிடித்தது.

“உண்மையான சரித்திரத்துலயும் சின்னக் கதவொண்டப் பூட்ட மறந்துட்டாங்க எண்டு ஒரு கதை இரிக்கி சேர்,” என்று றுமானா டீச்சர் விருந்தினரிடம் சமாளித்தார். ஹமீட்டின் பக்கம் திரும்பிய பார்வை வேறு. “திங்கக்கிழம வொலிபோல் மெச். இத நீங்கதான் ஒடச்சி எடுக்கோணும்.”

“ஒடைப்பம் டீச்சர்.” ஹமீட்டுக்கு இடுப்பு நேராகி இருந்தது. கரைவலைக்காரர்கள் மதிலைச் சுற்றி நின்று காலால் உதைத்துப் பார்த்தார்கள். “உழாதமதில் எண்டு மாத்துவமா?” என்றார் முன்பு கேலி செய்தவர். ஹமீட் மதிலில் கையை ஊன்றிக்கொண்டு சிரித்தார்.

ஒலிபெருக்கி வாடகைக்குக் கொண்டுவந்த ஆள், வயரைச் சுருட்டிக்கொண்டே மதிலண்டை வந்தார். தோளால் ஒருதரம் முட்டினார். முதுகைச் சாய்த்து முழுப் பாரத்தையும் கொடுத்தார். தலையாட்டினார். அப்போதுதான் ஹமீட் அந்த முகத்தைப் பார்த்தார்: தம்பிமுத்து. இங்கே திரும்பிப் பார்க்க மறுபக்க ஜன்னல் இல்லை.

“நல்ல கலவ, ஹமீட் தம்பி.”

“ஓம் அண்ணன்.”

“அத்திவாரம்?”

“ஒண்டர அடி.”

“விழச் சொன்ன மதில நிக்க வச்சிரிக்காய். நிக்கச் சொன்ன மதில் எங்க தம்பி?”

கரைவலைக்காரர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டு தோணிப் பக்கம் நகர்ந்தார்கள். ஹமீட்டுக்கு இடுப்பு மறுபடியும் பிடித்துக்கொண்டது.

“கல்லு சேதமில்லாம கழட்டு, தம்பி. எங்கட வளவுக்குப் பாவிக்கலாம்,” என்றார் தம்பிமுத்து.

எண்ணிப் பார்த்தால் அந்தக் கல் இருபதடிக்குத்தான் காணும். காரைதீவு தம்பிமுத்துவுக்கு ஹமீட் முப்பத்தாறு அடி மதில் கடன்.