பச்சைப் பெட்டி

ஏழு மணிக்கு வரவேண்டிய காலிப் பெட்டிகள் ஒன்பதரை ஆகியும் வரவில்லை. கொட்டகையில் தார்ப்பாய் மேல் ஒரு டன்னுக்குக் கொஞ்சம் குறைய தக்காளி குவிந்து கிடந்தது. பாதி பச்சை, பாதி சிவப்பு. கம்பெனிக்கு அந்தப் பதத்தில்தான் வேண்டும். அதனால் பெட்டி வரட்டும் என்று காத்திராமல், விடிந்ததும் அவள் ஆள் வைத்துப் பறித்துவிட்டாள். செடியில் இருக்கும்வரை தக்காளி நம் பேச்சைக் கேட்கும். பறித்த பிறகு வெயிலின் பேச்சைத்தான் கேட்கும்.

"இன்னொரு தடவை போன் போடுங்க தம்பி."

தம்பி, அவள் கணவனின் தம்பி. வாடகை வேன் ஓட்டுகிறவன். கணவன் வெளிநாட்டில் கட்டட வேலையில் இருந்தான்.

"போட்டேன் அண்ணி. 'வண்டி கிளம்பிருச்சு'ங்கறான். ஏழு மணிக்கும் அதைத்தான் சொன்னான். அந்த வண்டி கிளம்பிக்கிட்டே இருக்கு, எங்கயும் வந்து சேரத்தான் மாட்டேங்குது."

நகரத்துக் கடைகளுக்குக் காய்கறி வாங்கும் கம்பெனி அது. பக்கத்து ஊரில் கொள்முதல் நிலையம் திறந்து நாலு மாதம் ஆகிறது. தரகர் கிடையாது, நேரடி விலை என்று வீடு வீடாக நோட்டீஸ் கொடுத்தார்கள். ஒரே நிபந்தனை, சரக்கு கம்பெனியின் பச்சைப் பெட்டியில்தான் வரவேண்டும். அவள் பதிவு செய்து அட்டை வாங்கியிருந்தாள். இதுதான் முதல் லோடு. இது உள்ளே போய்விட்டால் இனி மண்டி வாசலை மிதிக்க வேண்டாம். போகாவிட்டால் பழையபடி தேன்வாயர்தான்.

தேன்வாயர் மண்டி முதலாளி. பேச்சு அப்படியே இனிக்கும். பேசி முடித்து எழுந்தால்தான் தோளில் கிடந்த துண்டு போனது தெரியும். மண்டிக்குச் சரக்கு போட அவர் வாடகைக்குக் கொடுத்த நீலப் பெட்டிகள் அறுபது கொட்டகை மூலையில் அடுக்கியிருந்தன.

"இதுல ஏத்திட்டுப் போயிடலாம் அண்ணி. நிலையத்துல பச்சைப் பெட்டி இல்லாமலா போகும்? வாசல்ல மாத்திக்கலாம்."

"அவர் பார்த்துட்டா?"

"பார்த்தா பார்க்கட்டும். அவர் கண்ணுக்கும் வாடகை கேக்கப் போறாரா?"

நாற்பது நிமிடப் பாதை, பாதிக்கு மேல் குழி. தூங்கும் கைக்குழந்தையைத் தொட்டிலில் விடுவதுபோல ஒவ்வொரு குழியிலும் வண்டியை இறக்கி ஏற்றினான். நிலையத்து வாசலில் காவலாளி நீலத்தைப் பார்த்ததும் கையை நீட்டி மறித்துவிட்டார். அவள் மட்டும் உள்ளே போனாள். தரம் பார்க்கும் இளைஞர் கம்ப்யூட்டர் முன்னால் இருந்தார்.

"அறுபது பச்சைப் பெட்டி குடுங்க சார். சரக்கை மாத்திட்டு வந்துடறோம்."

அட்டை நம்பரைத் தட்டினார். முகம் மலர்ந்தது. "அட, நீங்களா! உங்களுக்கு நேத்தே பெட்டி குடுத்தாச்சேம்மா. சரக்கும் காலையில ஏழரைக்கே இறங்கிருச்சு. ஒரு அட்டைக்கு ஒரு நாளைக்கு ஒரு லோடுதானே."

"யார் சரக்கு?"

"உங்களுதுதான். மூணு வாரமா ஒரு நாள் விடாம வருதே."

மூன்று வாரத்துக்கு முன்னால் அவள் செடியில் பிஞ்சுதான் இருந்தது.

பதிவுக்குக் கம்ப்யூட்டர் வேண்டும் என்றபோது, "நம்ம கடையிலேயே பண்ணிடலாம் தங்கச்சி, சும்மாதான்" என்றவர் தேன்வாயர். அட்டையை அவர் பிரதி எடுத்ததை அவள் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். பணம் போகும் பேங்க் கணக்கு என்று அவர் எந்த நம்பரைத் தட்டினார் என்பதைத்தான் கவனிக்கவில்லை. மனுஷர் நல்லவர்தான் போல என்று நெகிழ்ந்தும் போனாள். தேன்வாயர் வாழ்நாளில் சும்மா செய்த ஒரே காரியம் மூச்சு விடுவது.

"சார், அது நான் போட்ட சரக்கில்ல."

"அப்ப அட்டையை வேற ஆளுக்குக் குடுத்தீங்களா? குடுத்திருந்தா ரத்துதான்மா. எழுதிக்கட்டுமா?"

"வேண்டாம்," என்றாள்.

வெளியே சுவரோரம் தேன்வாயரின் லாரி நின்றது. உள்ளே காலிப் பச்சைப் பெட்டிகள் மேல்வரை இருந்தன. அவர் வேனைச் சுற்றி வந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன தங்கச்சி, என் பெட்டிக்கு ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டு வந்தீங்களா?"

"பச்சைப் பெட்டி உங்ககிட்ட தனியா இருக்குதேன்னு துணைக்கு வந்துச்சு," என்றான் கொழுந்தன்.

"என் நம்பர்ல சரக்கு போட்டிருக்கீங்களே அண்ணே," என்றாள் அவள்.

"உங்க அட்டையைக் காப்பாத்தியிருக்கேன்னு சொல்லுங்க. சரக்கு போகாத அட்டையைக் கம்பெனிக்காரன் வெட்டிடுவான். வெட்டாம வச்சிருக்கிறது யாரு?" ஒரு தக்காளியை எடுத்துப் புரட்டினார். "நல்ல சரக்கு. எடுத்துக்கறேன். நேத்து விலையில பாதி."

"பாதியா!"

"நான் எங்க இறக்கினேன்? வெயில் இறக்குது. அரை மணி கழிச்சு வாங்க, அது இன்னும் கறாரா பேரம் பேசும்."

"அண்ணி, ரோட்டுல கொட்டிட்டுப் போயிடலாம்," என்றான் கொழுந்தன்.

"கொட்டிட்டு? பறிச்ச ஆளுங்களுக்கு சாயங்காலம் என்ன சொல்றது தம்பி?" அவள் தேன்வாயர் பக்கம் திரும்பினாள். "முக்கால் விலை குடுங்க."

"பாதி. தங்கச்சியாச்சேன்னு பெட்டி வாடகையை விட்டுட்டேன்."

லாரி ஆள் முதல் பெட்டியைத் தூக்கி அப்படியே கவிழ்க்கப் போனான். அவள் அவன் கையைத் தட்டிவிட்டு, தானே தரையில் உட்கார்ந்து நீலத்திலிருந்து பச்சைக்கு ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். இனி அது அவள் சரக்கில்லை. இருந்தாலும் அடிபட விட மனசு வரவில்லை.

தேன்வாயர் சட்டைப் பையிலிருந்து ரப்பர் வளையம் போட்ட கம்பெனி அட்டைக் கட்டு ஒன்றை எடுத்தார். சீட்டு விளையாடுகிறவர்போல விசிறிப் பார்த்து ஒன்றை உருவினார். நிலத்தைத் தரிசு போட்டுவிட்டு நகரத்தில் வாட்ச்மேன் வேலைக்குப் போன யாரோ ஒருவரின் அட்டை. லாரி உள்ளே போனது. கொழுந்தன் கூப்பிட்டும் அவள் வேனில் ஏறவில்லை. வாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

தரம் பார்க்கும் இளைஞர் மேடைக்கு வந்து, ஒரு பெட்டியின் அடியில் கைவிட்டு எடுத்துப் பார்த்தார். இன்னொன்றிலும் பார்த்தார். பிறகு வாசலில் அவளைக் கண்டு கையாட்டினார்.

"அம்மா, கொஞ்சம் இங்க வாங்க. காலையில வந்த உங்க சரக்குல நாலு பெட்டி அடிபட்டு இருந்துச்சு. பழகினவங்களாச்சேன்னு விட்டுட்டேன். இதைப் பாருங்க, அடியில இருக்கிறதும் மேல இருக்கிறதும் ஒண்ணு போல இருக்கு. அக்கறையா விவசாயம் பண்றவரு. இவரைப் பார்த்துக் கத்துக்கணும் நீங்க."

"சரிங்க சார்," என்றாள்.