பட்டியலின் முதல் வரி

“ஒரே ஒரு விளக்கைத்தான் நகர்த்தினேன்னு சொல்றேன்ல...”

“தொட்டியா இல்லையா, அதச் சொல்லு.”

“மயிரிழை அளவுதான் அக்கா. கண்ணுக்கே...”

“முடிச்ச லெவலைத் தொட்டா முடிச்சது அழிஞ்சுடும்னு எனக்குச் சொல்லிக்குடுத்ததே நீதானேடா எர்மெக்!”

சாய்கல் இன்னும் மேலங்கியைக் கழற்றவில்லை. சனிக்கிழமை தையல்கூடத்தில் அரை நாள்தான். பிஷ்கெக்கிலிருந்து மினிபஸ்ஸில் நின்றுகொண்டே வீடிருக்கும் டோக்மோக் வந்திறங்கி, கைப்பட்டியில் ஒட்டிய நீல நூல்களோடு நேராகத் தம்பியின் கணினிக்கு முன்னால் வந்து நின்றிருந்தாள். வியாழன் மாலை அந்தத் திரையில் நூறு சதவீதம் என்று பச்சையில் எரிந்தது. இப்போது பூஜ்யம். அந்தக் கணினி ஆட்டத்தில் சதுரக்கட்டம் ஒன்று தானாக ஓடும். பாட்டின் அடி விழும்போது தட்டினால் துள்ளும். ஒரு தட்டு பிசகினால் முதலிலிருந்து. மொத்தம் இரண்டு நிமிடம் பத்து விநாடி. எர்மெக்கோடு சேர்த்து ஐந்து ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பகுதியாக, நாணயம் போட்டு ஆடும் பழைய விளையாட்டுக்கூடம் மாதிரியே கட்டிய லெவல் அது. யாராவது ஒருவர் முழுவதையும் ஒரே மூச்சில் ஆடி முடிக்காமல் அதை வெளியிட முடியாது. கட்டிய ஐவராலும் பாதியைத் தாண்ட முடியவில்லை. நான்கு மாதம், நாலாயிரத்து முந்நூற்றுப் பன்னிரண்டாவது தடவையில், சாய்கல் முடித்தாள். எர்மெக் அவளைத் தூக்கிச் சுற்றியதில் பக்கத்து வீட்டார் சுவரைத் தட்டினார்கள். அவன் ஒருவன்தான் சாட்சி. ஆட்டத்தையும் ஓட்டி, பதிவும் செய்ய அந்தக் கிழட்டுக் கணினிக்குத் தெம்பில்லை.

“எந்த விளக்கு?”

“கடைசில ஒண்ணு. அக்கா, உக்காரு, டீ போடறேன்.”

“நீ டீ போட்டு இந்த வீட்ல யாரும் குடிச்சதே இல்லயே. நகரு.”

“இப்பப் போய் எதுக்கு ஆடற? பசியோட வந்திருக்க...”

அவள் நின்றபடியே பயிற்சி ஆட்டத்தைத் திறந்தாள். அதில் விழுந்தால் விழுந்த இடத்திலிருந்தே தொடரலாம். தாஷ்கென்ட்காரனின் பந்தயக் கார்கள், கராகண்டாப் பெண் செய்த, பொம்மை கவ்வும் இரும்பு நகம், ஓஷ்காரனின் நீர்மூழ்கிப் பெரிஸ்கோப் கண்ணாடிக்குள் வரிசையாகப் போகும் தகரக் கப்பல்கள். விரல் தானாகத் தட்டியது. கண் மட்டும் ஒவ்வொரு விளக்காக எண்ணிக்கொண்டு போனது. எர்மெக் ஒருமுறை மவுஸின் மேல் கை வைத்தான். அவள் பார்த்த பார்வையில் எடுத்துவிட்டான். அல்மாட்டிக்காரனின் மின்னும் சுவர்களும் போய், எர்மெக் கட்டிய கடைசிப் பகுதி வந்தது. எல்லா விளக்கும் இருந்த இடத்திலேயே இருந்தன. கட்டம் ஓடி நின்றது. அதிகப் புள்ளி எடுத்தவர்களின் பட்டியல், கூடத்து இயந்திரங்களில் வருமே, அதேபோலக் கரும்பச்சை எழுத்தில் இறங்கியது. ஆட்டம் தானாகப் போடுவதல்ல அது; லெவலின் ஒரு பகுதியாக எர்மெக் முன்கூட்டியே கையால் எழுதி வைத்தது.

வியாழக்கிழமை முதல் வரியில் சாய்கல் என்றிருந்தது. கீழே கட்டிய ஐவர். இன்று ஐவர் அப்படியே இருக்க, முதல் வரியில் வோரன் என்றிருந்தது.

“யாரு இது?”

“ஆடிக் காட்டினா எட்டு லட்சம் பேர் பார்க்கிற ஆளு அக்கா. ஆட ஒத்துக்கிட்டான். ஆனா முதல்ல முடிச்சது அவனா இருக்கணுமாம்.”

“நான் முடிச்சுட்டேனே.”

“அதான்...” எர்மெக் காதைச் சொறிந்தான். “நம்ம வெளியிட்டா நாப்பது பேரு பாப்பாங்க. அதுல பாதி நம்ம சொந்தக்காரங்க. அஞ்சு பேரும் பேசித்தான் முடிவு பண்ணோம்.”

“அஞ்சு பேர். ஆறாவது ஆள்கிட்ட ஏன் கேக்கல?”

“நீ எதையும் கட்டலையேக்கா. விளையாடினே, அவ்ளோதானே.”

சொன்னவனுக்கே அது சுட்டிருக்க வேண்டும். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அவள் மேலங்கியின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். பிறகு நாற்காலியில் உட்கார்ந்து, லெவல் கட்டும் எடிட்டரைத் திறந்து முதல் வரியை அழித்தாள். ஒரு எழுத்தும் மிச்சமில்லை. தன் போனைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்து, தன் கையும் திரையும் படத்தில் விழுமாறு திருப்பி வைத்தாள்.

“என்ன பண்ற?”

“திரும்ப ஆடப் போறேன்.”

“பைத்தியமா? இன்னும் நாலாயிரம் தடவையா?”

“நாப்பதாயிரம்னாலும் என் விரல்தானே தேயும், உனக்கென்ன?”

“சரி... சரி, ஆடு. அந்த வரி காலியாவே இருக்கட்டும். நீ முடிச்சதும் உக்காந்து பேசி எழுதிக்கலாம்.”

“முடிச்சதும் எழுதினா என்ன ஆகும்?”

எர்மெக்குக்கு அது தெரியும். பட்டியலில் ஒரு புள்ளி வைத்தாலும் மறுபடி பூஜ்யம். எழுதுவதை இப்போதே எழுத வேண்டும். மேசையில் அவனுடைய போன் அதிர்ந்தது. அல்மாட்டிக்காரன்: பேர் மாத்தியாச்சா, வோரன் கேக்கறான். அது இன்னொரு முறை அதிர்ந்து மேசை விளிம்புவரை நகர்ந்தது. இருவரும் எடுக்கவில்லை.

சாய்கல் நாற்காலியை விட்டு எழுந்தாள். விசைப்பலகையை அவன் பக்கம் தள்ளினாள். காலி வரியில் ஒரு கோடு மின்னி மறைந்துகொண்டிருந்தது.

“உன் கையாலயே எழுதுடா. அப்புறம்தான் ஆடுவேன். யாரு பேரு?”