நாவூறின் எடை

சிவாஜினியின் முதுகுப்பை காலையில் நாற்பது கிலோ இருந்தது. மத்தியானம் ஐம்பத்தொரு கிலோ எண்ணூறு கிராம். இடையில் அதற்குள் ஒருவரும் ஒன்றும் வைக்கவில்லை. சிங்கிள்ரனில் உள்ள காலாட்படைப் பயிற்சி முகாமில் தராசை இரண்டு தரம் சரிபார்த்தார்கள். தராசில் பிழை இல்லை. கூடியிருந்த பதினொரு கிலோ எண்ணூறு கிராமும், புலம்பெயர்ந்த தமிழர் நிறைந்த அவளுடைய புறநகரான கிரவீனில் சனம் சொன்ன சொற்கள்.

கிரவீன் சனத்தைக் கெட்ட சனம் என்று சொல்ல முடியாது. செத்தவீடு என்றால் முதல் ஆளாகச் சோற்றுச் சட்டியோடு வந்து நிற்பார்கள். வாய்தான் சும்மா இராது. பெண்களும் காலாட்படையில் சேரலாம் என்று அரசாங்கம் சொல்லிப் பல வருசமாகியும், அதை வேறு யாருக்கோ சொன்ன செய்தியாகத்தான் எடுத்திருந்தார்கள். கணேசலிங்கத்தின் மகள் சிவாஜினி பார்மசிப் படிப்பை இரண்டாம் வருசத்தில் விட்டுவிட்டுத் துவக்குத் தூக்கப் போகிறாள் என்றதும் அது ஊர்ச் செய்தியாகிவிட்டது. பெண்டில் ஹில் பலசரக்குக் கடையில் மிருணாளினி அன்ரி 'பொம்பிளைப் பிள்ளைக்கு ஏன் இந்த வேலை' என்று கேட்டது எழுநூறு கிராம். 'இனி இவளை ஆர் கட்டுவினம்' என்பதைப் பலபேர் சொன்னதால் அது மட்டும் நாலரைக் கிலோ. ஜெயரட்ணம் அங்கிள் 'கெட்டிக்காரிதான், ஆனா...' என்று இழுத்த அந்த 'ஆனா' தொள்ளாயிரம் கிராம். மனுசன் வசனத்தை முடித்திருந்தால் கொஞ்சம் குறைந்திருக்கும்.

தமிழில் இதற்குப் பெயர் உண்டு. கண் பட்டால் கண்ணூறு, நாக்குப் பட்டால் நாவூறு. முகாமின் வைத்தியருக்கு அந்தச் சொல் தெரியாது. ஆகவே அவர் சிவாஜினியின் முதுகெலும்பைப் படம் எடுத்துப் பார்த்து, நல்ல முதுகெலும்பு என்று எழுதிக் கொடுத்தார்.

காலாட்படைக்குத் தேற வேண்டுமென்றால் நாற்பது கிலோவுக்குக் குறையாத சுமையோடு பதினைந்து கிலோமீற்றர் நடக்க வேண்டும். மூன்று வாய்ப்பு. மூன்றிலும் தவறினால் களஞ்சியப் பிரிவுக்கு மாற்றிவிடுவார்கள். முதல் தரம் பதின்மூன்றாவது கிலோமீற்றரில் சிவாஜினியின் முழங்கால் மடங்கியது. அந்தச் செய்தி கிரவீனுக்குப் போன அன்றே ஆளுக்கு ஆள் 'நான் அப்பவே சொன்னனான்' என்றார்கள். உலகத்தில் அதைவிடப் பாரமான வசனம் இல்லை. இரண்டாம் தரம் பை ஐம்பத்தாறு கிலோ காட்டியது, பதினான்கில் விழுந்தாள். கால் நகம் இரண்டு கழன்றது. ஆனால் அவள் அழவில்லை. களஞ்சியத்தில் சப்பாத்துகளை எண்ணி அடுக்க அவள் வரவில்லை. முன்னால் போகிறவர்களோடு முன்னால் போக வந்தவள். தன்னை ஏலாதவள் என்று சொல்வதென்றால் அதை ஆர்மி சொல்லட்டும், கிரவீன் சொல்லத் தேவையில்லை என்று வைராக்கியமாக இருந்தாள்.

அவளுடைய தாய் ரஞ்சினி மட்டும் இதைப்பற்றி நல்லதோ கெட்டதோ ஒரு வார்த்தை பேசியதில்லை. இரண்டு நாள் லீவில் மகள் நொண்டிக்கொண்டு வந்தபோது, பேசாமல் உப்பும் செத்தல் மிளகாயும் எடுத்துவந்து, கதிரையில் மகளை இருத்தி, மடியில் அவள் கொண்டுவந்த முதுகுப்பையை வைத்து, மூன்று தரம் சுற்றினாள். குசினியில் தாச்சிச் சட்டி காய்ந்து மிளகாய் கருகியது, புகை அலாரம் அலறியது, கணேசலிங்கம் அதன் கீழ் நின்று துவாயை வீசினார். அவ்வளவு மிளகாய் எரிந்தும் பக்கத்து ஊர் செவன் ஹில்ஸ் வரைக்கும் ஒருவருக்கும் ஒரு தும்மல் வரவில்லை. நெடி வராவிட்டால் நாவூறு இருந்தது, போய்விட்டது என்று அர்த்தம்.

ரஞ்சினி விட்ட பிழை, மகளோடு சேர்த்துப் பையையும் சுற்றியதுதான். நாற்பது கிலோ என்பதும் முகாமில் ஒரு சார்ஜன் வாயால் சொன்னது அல்லவா? அதுவும் கழிந்துவிட்டது. சிவாஜினி திரும்பிப்போய்ப் பையை நிறுத்தபோது தராசு பூச்சியம் காட்டியது. மண் மூட்டை இரண்டை உள்ளே வைத்தார்கள், பூச்சியம். நாற்பதுக்குக் குறைந்தால் நடை செல்லாது, நாளைக் காலை ஆறு மணிக்குக் கடைசி வாய்ப்பு என்று சார்ஜன் சொல்லிவிட்டுப் போனான்.

பின்னேரம் நாலு மணிக்கு அவள் தாய்க்குத் தொலைபேசி எடுத்தாள்.

"அம்மா, நீங்க எல்லாத்தையும் எடுத்திட்டீங்கள். எனக்குப் பாரம் வேணும்."

"பாரம் வேணும் எண்டு கேக்கிற பிள்ளையை நான் இப்பதான் காணுறன்."

"ப்ளீஸ், என்னவாவது சொல்லுங்கோ. நீங்க மட்டும்தான் ஒண்டும் சொல்லேல்ல."

குசினியில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. பிறகு பைப்பைப் பூட்டும் சத்தம். அதற்குப் பிறகு ரஞ்சினி, இமிகிரேசன்காரருக்குச் சொல்லி மகளுக்குச் சொல்லாமல் விட்டதைச் சொன்னாள். பத்தொன்பது வயதில் ஒன்றரை வருசம் தான் ஆயுதம் ஏந்திய இயக்கத்தில் போராளியாக இருந்ததைச் சொன்னாள்.

"வதனி எண்டு ஒரு பிள்ளை, என்னோட நிண்டவ. ஒருநாள் சண்டையில அவவுக்குக் கால் போயிட்டுது. நான்தான் முதுகில தூக்கினனான். ஒன்பது கிலோமீற்றர். பிறகு ஏலாமல் இறக்கிப்போட்டன். இறக்காதை எண்டு சொன்னவ." ரஞ்சினி அழுதாள். "உன்னைப் போகாதை எண்டு சொல்ல எனக்கு வாய் வரேல்ல. போ எண்டு சொல்லவும் வரேல்ல. அதுதான் பேசாமல் இருந்தனான்."

மறுநாள் விடிய தராசு நாற்பத்திரண்டு கிலோ காட்டியது. கிரவீனின் சொல் ஒரு கிராம்கூட அதில் இல்லை, எல்லாம் அம்மா சொன்னது. சார்ஜன் தலையாட்டிவிட்டுக் குறித்துக்கொண்டான்.

ஒன்பதாவது கிலோமீற்றரில் பை கொஞ்சம் அசைந்தது. இரண்டு கைகள் பின்னாலிருந்து வந்து அவளுடைய கழுத்தைக் கட்டிக்கொண்டன. மெலிந்த கைகள், நல்ல சூடு. பக்கத்தில் நடந்த பெடியன் அதைப் பார்த்தான். பார்த்துவிட்டுத் தன்னுடைய மூச்சைக் கவனித்துக்கொண்டு நடந்தான். சிவாஜினி வாரை இழுத்து இறுக்கினாள். முழங்கால் பத்தில் நடுங்கியது, பன்னிரண்டில் எரிந்தது, பதின்மூன்றில் மரத்துப்போனது. "பிடிச்சுக்கொள்ளுங்கோ," என்று தமிழில் ஒருதரம் சொன்னாள். பதினைந்தாவது கிலோமீற்றர்க் கோட்டைத் தாண்டியதும் எல்லோரும் பையைக் கழற்றிப் புல்லில் போட்டுவிட்டு விழுந்து படுத்தார்கள். அவள் ஒருத்திதான் பையை இறக்காமல் நின்றுகொண்டிருந்தாள்.

இன்று அவள் காலாட்படையில் இருக்கிறாள். பைக்குள் எதை வைத்தாலும், எதை எடுத்தாலும் நாற்பத்திரண்டு கிலோதான். உபகரணப் பொறுப்பாளர் இப்போது நிறுப்பதில்லை, நாற்பத்திரண்டு என்று தானாகவே எழுதிவிடுகிறார். மிருணாளினி அன்ரி இன்னும் பேசுகிறார், ஆனால் அதெல்லாம் அவருடைய மரக்கறிப் பையில்தான் ஏறுகிறது போலிருக்கிறது, தோள் வலிக்கு வைத்தியரிடம் போய்வருகிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் ரஞ்சினி முகாமுக்குத் தொலைபேசி எடுப்பாள். வெயிலைப்பற்றியும் சப்பாத்தைப்பற்றியும் விசாரித்துவிட்டு, குரலைக் கொஞ்சம் தாழ்த்திக் கேட்பாள்:

"ரெண்டு பேரும் சாப்பிட்டீங்களோ?"

"ஓம் அம்மா, சாப்பிட்டம்."