பிசினுக்குள் காற்று

அழுத்தச் சோதனைத் தொட்டியிலிருந்து எடுத்த இருபத்துநான்கு சென்சாரில் ஒன்பது செவிடாகிவிட்டன. ஒவ்வொன்றும் என் கட்டைவிரல் அளவுகூட இருக்காது. கடலடியில் கிடந்து கப்பல் வரும் சத்தத்தையும் திமிங்கிலம் கத்தும் சத்தத்தையும் கேட்க வேண்டியவை. உள்ளே தண்ணீர் இறங்கியதால் வெறும் இரைச்சல்தான் வந்தது.

மறுநாள் காலை ஒரு தாளோடு என் மேஜைக்கு வந்தவன் என் கொழுந்தன். எங்கள் தொழிற்சாலையின் தரச் சோதகன். எங்கள் வீட்டு மாடியறையில் இருப்பவன்.

"அண்ணி, இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க. சும்மா ஒரு எச்சரிக்கைதான்."

படித்தேன். சென்சாருக்குள் வைக்கும் பீங்கான் வளையத்தைக் கையுறை இல்லாமல் தொட்டேனாம். என் விரல் எண்ணெயால், அதன்மேல் ஊற்றும் பிசின் ஒட்டாமல் போனதாம். ஒப்புக்கொள்கிறேனாம்.

பதினோரு வருஷமாக அந்த வளையங்களுக்கு ஒயர் பற்றவைத்து, அச்சில் வைத்து, பிசின் ஊற்றுகிறேன். கையுறைக்குள்ளேயே வெந்து தோல் உரிந்த கை இது.

"யார் எழுதினது?"

"சார்தான்."

சார் என்றால் உற்பத்தி எஞ்சினியர். நாங்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். கழிப்பறைக்குப் போய்வந்தாலும் மணி பார்ப்பார்.

பிசின் ஊற்றியதும் அச்சை வெற்றிட ஜாடியில் வைத்துக் காற்றை உறிஞ்ச வேண்டும். முதலில் பால் மாதிரிப் பொங்கும், அப்புறம் அடங்கும். புதிதாக வருபவர்கள் அதோடு முடிந்தது என்று நினைப்பார்கள். வளையத்துக்கு அடியில் பதுங்கிய காற்று அதற்குப் பிறகுதான் குமிழ் குமிழாக மேலே வரும். நாற்பது நிமிடம் ஆகும். போன மாதம் ஸ்டாப்வாட்ச் அதைப் பத்தாக்கினார். "அதான் பொங்கி அடங்கிடுச்சே, இன்னும் என்னம்மா வேடிக்கை?" என்றார். அந்த மாற்றத் தாளில் சோதகனாகக் கையெழுத்துப் போட்டவன் இதோ என் எதிரே நிற்கிறான்.

"நீ போட்ட கையெழுத்தை மறைக்க நான் ஒண்ணு போடணுமா?"

"கோபப்படாதீங்க அண்ணி. உங்களுக்கு எச்சரிக்கையோட போயிடும். எனக்குன்னா வேலையே போயிடும்."

"இதுல போட்டா நாளைக்கு என்னை இந்த மேஜையில உட்கார விடுவாங்களா? துடைப்பத்தைக் கையில குடுப்பாங்க."

"அண்ணன்கிட்ட பேசிட்டேன். அவரும் போடத்தான் சொல்றார்."

அதுதான் எனக்குத் தலைக்கேறியது. அண்ணனும் தம்பியும் உட்கார்ந்து என் கையைப் பற்றிப் பேசி முடித்திருக்கிறார்கள். நான் அடுப்படியில்தான் இருந்திருப்பேன்.

தட்டிலிருந்து செவிட்டுச் சென்சார் ஒன்றை எடுத்துக்கொண்டு வெட்டு மெஷினுக்குப் போனேன்.

"அண்ணி, வெட்டாதீங்க! கடற்படை அதிகாரி வந்திருக்கார், அதையெல்லாம் பார்க்கணும்."

"பார்க்கட்டும். உள்ளேயும் பார்க்கட்டும்."

பிளேடு இறங்கியதும் பீங்கான் கிறீச்சிட்டது. இரண்டு பாதி. விரல் எண்ணெய் பட்டிருந்தால் பிசின் தோல் மாதிரி உரிந்து வரும். நகத்தால் நெம்பினேன், அசையவில்லை. வளையத்துக்கு அடியில் கடுகளவு குழிகள். அதில் ஒன்றிலிருந்து பிசினின் வெளிப்பரப்பு வரைக்கும் விரிசல், தண்ணீர் இறங்கிய வழி.

ஸ்டாப்வாட்ச் ஓடிவந்தார். "யாரைக் கேட்டு வெட்டினீங்க? ஒண்ணை வச்சு என்ன சொல்ல முடியும்?"

"சரி சார், இன்னும் எட்டு இருக்கு."

இரண்டாவதையும் வெட்டினேன். அதே குழிகள். அவர் எட்டி மெஷினை நிறுத்தினார். அதற்குள் சத்தம் கேட்டுப் பக்கத்து அறையிலிருந்து அதிகாரி வந்துவிட்டார். பாதியை வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தார்.

"ஜாடியில எவ்வளவு நேரம் வச்சீங்க?"

"விதிப்படிதான் சார்," என்றார் ஸ்டாப்வாட்ச்.

"பத்து நிமிஷம்," என்றேன். "முன்னாடி நாற்பது."

"யார் மாத்தினது?"

கொழுந்தன் என்னைப் பார்த்தான். அவனே வாயைத் திறக்கட்டும் என்று காத்திருந்தேன். அவன் குனிந்து தன் ஷூவைப் பார்த்தான்.

"மாத்தச் சொன்னது இவர். கையெழுத்து போட்டது இவன், என் வீட்டுக்காரர் தம்பி. பழியை மட்டும் எனக்கு எழுதி எடுத்துட்டு வந்திருக்காங்க."

எச்சரிக்கைத் தாளை அதிகாரியிடம் நீட்டினேன்.

"அண்ணி..."

"வாயை மூடு. அந்தத் தாளை என்கிட்ட நீட்டினப்போ வந்திருக்கணும் இந்த அண்ணி ஞாபகம்."

மாற்றத் தாளைக் கொண்டுவரச் சொன்னார் அதிகாரி. கொழுந்தன் அலமாரிக்குப் போனான்; சாவி பூட்டில் ஏறவில்லை. ஸ்டாப்வாட்ச் போனைக் காதில் வைத்து யாரிடமோ பேசுவதுபோல் வெளியே நகர்ந்தார்.

"மீதி ஏழையும் வெட்டுங்கம்மா," என்றார் அதிகாரி.

நான் மெஷினைப் போட்டேன்.