நாற்பத்தொரு நாள் தாமதம்

"காமாலைன்னு எழுதிப்போடுங்க" என்றார் என் குமாஸ்தா திருமலைசாமி. "மத்த சீக்குன்னா டாக்டர் சர்டிபிகேட் கேப்பாங்க. இதுக்கு நாட்டு மருந்து குடிச்சேன்னாப் போதுமுங்க. கோயமுத்தூர்ல பாதி கேஸு காமாலைலதான் உசுரோட கெடக்குது." சிரித்தபடி சொல்லி முடித்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார். கையிலிருந்த கேஸ் கட்டை அவிழ்த்து மறுபடி கட்டினார்.

என் மனைவி அன்புச்செல்வி காமாலையில் இறந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதக் கர்ப்பம். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த வாரத்தில்தான் என் கட்சிக்காரர் குழந்தையம்மாளின் வழக்கைக் கூப்பிட்டார்கள். நான் போகவில்லை. வேறு யாரையாவது அனுப்பி வாய்தா கேட்டிருக்கலாம்; அதையும் செய்யவில்லை. ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பாகி, சூலூரில் அவர் குடியிருக்கும் இரண்டு அறை வீடு கொழுந்தனுடையதாகிவிட்டது. அதை ரத்து செய்ய முப்பது நாளுக்குள் மனு போட வேண்டும். அந்த நாட்களில் நான் என்ன செய்தேன் என்று தெரியாது. படுத்திருந்தேன் என்று நினைக்கிறேன். தீர்ப்பான எழுபத்தோராம் நாள்தான் கேஸ் கட்டைப் பிரித்தேன். தாமதமான நாற்பத்தொரு நாளுக்கும் காரணம் காட்ட வேண்டும். வக்கீல் படுத்திருந்தார் என்பதை எந்தக் கோர்ட்டும் ஏற்காது என்றார் திருமலைசாமி. நான் மறுக்கவில்லை.

குழந்தையம்மாள் தறிப் பட்டறையில் நூல் சுற்றுகிறவர். அவருக்குக் காமாலை என்று எழுதிய மனுவைப் படித்துக் காட்டியதும் கேட்டார்.

"எனக்குக் காமாலையே வந்ததில்லீங்களே."

"வந்துச்சுன்னு சொல்லுங்கம்மா. ஊடு வேணுமில்லீங்களா?" என்றார் திருமலைசாமி.

"எப்புடி வந்துச்சுன்னு கேட்டா என்னத்தச் சொல்றதுங்க?"

சாட்சியைத் தயார் செய்வது சட்டக் கல்லூரியில் சொல்லித் தருவதில்லை. பெரிய வக்கீல்களைப் பார்த்துக் கற்றுக்கொள்வது. இரண்டு வாக்கியம் சொல்லிக் கொடுத்தால் போதும். மூன்றாவதை எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளும். இது எனக்குத் தெரியும். ஆனால் எப்படி வந்தது என்று அதுவரை யாரும் என்னிடம் கேட்டிருக்கவில்லை. முதல் நாள் எப்படி, இரண்டாம் நாள் எப்படி என்று சொல்லிக்கொண்டே போனேன். ஆறாம் நாளோடு நிறுத்தினேன். அவர் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்: "அம்மணி ரொம்பச் செரமப்பட்டுச்சுங்களா?"

"தேதியெல்லாம் நெனப்புல வெச்சுக்குங்க" என்றேன்.

மனு விசாரணைக்கு வந்தது. கொழுந்தனின் வக்கீல் அரங்கசாமி முப்பது வருடம் பிராக்டீஸ் உள்ளவர். கூண்டருகே போய்ச் சாவகாசமாக நின்றார்.

"ஏனுங்கம்மா, உங்களுக்கும் காமாலைங்களா?"

கோர்ட்டில் சிரிப்பு. முன்சீப் கூடச் சிரித்தார்.

"ஆமாங்க."

"எப்புடி இருந்துச்சுன்னு கொஞ்சம் சொல்லுங்க, கேப்போம்."

"கண்ணு மஞ்சளாப் போச்சுங்க. சோத்து வாசமே ஆகலீங்க. நாலாம் நாள் மூக்குல ரத்தம் வந்துச்சுங்க. அஞ்சாம் நாள் பேச்சுக் கொளறிப்போச்சுங்க. ஆறாம் நாள் பக்கத்துல நிக்கறவங்க யாருன்னே தெரியலீங்க. கையப் புடிச்சா உதறி உட்டுட்டுதுங்க."

சிரிப்பு நின்றது. அரங்கசாமி கண்ணாடியைக் கழற்றினார். உதறிவிட்டது யார் என்று அவர் கேட்கவில்லை.

"ஏழாம் நாளுங்க?"

திருமலைசாமி பின்னாலிருந்து என் கவுனை இழுத்தார். "எந்திரிங்க. என்னமாச்சும் சொல்லி நிறுத்துங்க." நான் எழவில்லை.

"இத்தனையும் வந்தவங்க பொழைக்கறதே இல்லைங்கம்மா. நீங்க எப்புடிப் பொழச்சீங்க?"

நல்லாயிருச்சுங்க என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். மனு தேறக்கூட வாய்ப்புண்டு. குழந்தையம்மாள் என்னைப் பார்த்தார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு அவரால் அதைச் சொல்ல முடியவில்லை. நான் வேறு பக்கம் திரும்பியிருந்தால் சொல்லியிருப்பார். திரும்ப முடியவில்லை.

"பதில் சொல்லுங்கம்மா" என்றார் முன்சீப்.

டைப்பிஸ்ட் விரல்களை எழுத்துகளுக்கு மேல் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். பாதி அடித்த தாளின் மேல் விளிம்பு மின்விசிறிக் காற்றில் நிமிர்ந்து நிமிர்ந்து சாய்ந்தது.